மரியாதை தாங்கவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால்தான் பதில் நீளும். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா?

சின்னவளை உன்னிடம் அனுப்பச் சொல்லி, டிக்கெட் எடுக்கவா என்று கேட்டிருந்தாய். அவள் அதற்குள் பெட்டியே கட்டிவிட்டாள். அன்றைக்கு நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில், அத்தனை பிள்ளைகள் முன்னால் அவள் போனைப் பிடுங்கினேன் இல்லையா, அன்றிலிருந்து என்னோடு சண்டையே போடுவதில்லை. கத்தினால் நானும் கத்தலாம், கதவை அறைந்து சாத்தினால் தட்டலாம், இவள் என்னை ‘நீங்க’ என்கிறாளடி! பேச்சு வந்த நாள் முதல் நீ, வா, போ என்ற வாய் இப்போது ‘சாப்பிட்டீங்களா’, ‘சாவியை எடுத்துக்கோங்க’ என்கிறது. வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க’ என்று யாரோ டிரைவரிடம் சொல்வது போலச் சொல்கிறாள். மாடி வீட்டு அக்கா வேறு, எவ்வளவு மரியாதையான பொண்ணு, நீ குடுத்து வச்சவ என்று சொல்லிவிட்டுப் போனாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் அப்பா போன பிறகு திட்டுவதும் நான்தான், திட்டிவிட்டுச் சமாதானம் செய்வதும் நான்தான், இரண்டுக்கும் ஒரே ஆள் என்றால் எந்தப் பிள்ளை நம்பும், சொல். சரி, உன்னிடமே அனுப்பிவிடலாம் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் வழியில் வேன் பஞ்சர். பிள்ளைகளை ஓரமாக நிற்கவைத்துவிட்டு ஜாக்கி போட்டுத் தூக்கினேன். நட்டு ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டுவிட்டது, கையை விட்டுத் துழாவும்போது ஜாக்கி வழுக்கியது. அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் ரோட்டில் மல்லாந்து விழுந்தேன். பார்த்தால் உன் தங்கை. ஏய் அம்மா, உனக்கு அறிவிருக்கா, கையை உள்ள விடுறியே, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன் என்று கத்துகிறாள். ‘நீ’ மட்டும் இல்லை, ‘டி’யும் சேர்த்து! சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. நான் உட்கார்ந்தபடியே சிரித்தேன், சிரிக்காத, எந்திரி என்று அதற்கும் திட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வண்டிப் புகை என்றேன். எஞ்சினே ஓடவில்லை என்றாள்.

மறுநாள் காலை பழையபடி ‘நீங்க’தான், பெட்டியும் கட்டினபடியே இருக்கிறது. ஆனாலும் நீ டிக்கெட் எடுக்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. உன்னிடம் வந்தால் அவள் நல்ல பிள்ளையாக, அடக்கமாகவே இருப்பாள், எனக்கு அதுதான் பயம். அவள் மரியாதை இல்லாமல் பேச இந்த உலகத்தில் நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

நீ நன்றாக இரு, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் அம்மா