லோடு ஆட்டோ டீசல் குடிக்கிற விஷயம்

ஆரணி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் வேணுகோபாலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பொய்யாகிவிடும், அதனால் உன் நலத்தை மட்டும் கேட்கிறேன். நீயும் ராதிகாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

நம் லோடு ஆட்டோ டீசல் குடிக்கிற விஷயம் உனக்குத் தெரியும். சேவூரிலும் போளூரிலும் தறிக்காரர் வீடுகளுக்குப் பாவும் நூலும் கொண்டுபோய், நெய்த சேலையை ஏற்றிக்கொண்டு வந்தாலும் வாரக் கடைசிவரை வருகிற டீசல், ஆடி மாதத்திலிருந்து பாதி வாரத்திலேயே தீர்ந்துபோனது. பங்க்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று உன் அப்பா முதலில் பங்க்கை மாற்றினார். அப்புறம் யாரோ டீசலை உறிஞ்சுகிறார்கள் என்று டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டார், எதிர்வீட்டுப் பாலுவைச் சந்தேகப்பட்டு முறைத்ததில் அந்த மனுஷன் இன்றுவரை நம்மோடு பேசுவதில்லை. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து ஒழுகுகிறதா என்று பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் லோகநாதன் ஏர் ஃபில்டரை மாற்றினான், நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தான், டயருக்குக் காற்றுப் பிடித்தான், எதற்கும் அசையவில்லை. வீட்டில் தினமும் பேஜார்தான்.

கடைசியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது சுற்றவே மாட்டேன் என்கிறது. உள்ளே பிரேக் லைனர் கருகிப்போயிருந்தது. யாரோ பிரேக்கை மிதிச்சிகினே ஓட்டிகினு இருக்காங்க அண்ணி, இன்ஜின் இழுக்குது, பிரேக் புடிக்குது, டீசல் எப்டி நிக்கும் என்றான் லோகநாதன். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், நான் இன்னாடா நேத்து வண்டி கத்துகினவனா என்று கத்தினார். புது லைனர் போட்டதும் சில நாள் ஒழுங்காக ஓடியது, நானும் அப்பாடா என்று அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போட்டேன். மறுபடியும் பழைய கதைதான். இந்தத் தடவை லோகநாதன் டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டு சேவூர்வரை கூடவே போயிருக்கிறான். ஆக்சிலேட்டர் கையில் இருக்கிற வண்டி, வலது காலுக்கு பிரேக்கைத் தவிர வேலையில்லை, அந்தக் கால் பிரேக் மேலேயே கிடந்திருக்கிறது. காலை எடுங்கண்ணா என்றால், எடுத்துட்டுத்தான்டா கீறேன் என்று சொல்லிக்கொண்டே மிதித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லையடா, அவருக்குத் தெரியவே இல்லை.

பட்டு ஏற்றுகிற வண்டியில் செருப்போடு ஏறக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே அவர் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறார். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு விளிம்பு வெளியே வந்திருக்கிறது, அதில் ரத்தம் காய்ந்திருப்பதை லோகநாதன்தான் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன், ஐயோ, குழியே விழுந்திருக்கிறது. வலிக்கலையாங்க என்றால், எங்கே என்கிறார். வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தொட்டால் சொல்லுங்க என்றார். பாதம் முழுக்க அங்கங்கே குத்திப் பார்க்கிறார், உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஆரம்பிக்கலீங்களா என்று கேட்டார். சர்க்கரையில் நரம்பு போய்விட்டது, திரும்பாது, புண்ணாவது ஆறவேண்டுமானால் காலை ஊன்றக்கூடாது, வண்டி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாளே கட்டுப் போட்ட காலோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி கையிலதான்டி ஓடுது, காலுக்கு இன்னா வேலை என்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், மிதித்தோமா இல்லையா என்று அந்தக் காலுக்கு எப்படித் தெரியும்? சாவியை ஒளித்துவைத்தேன், சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், மனசு கேட்காமல் கொடுத்துத் தொலைத்தேன். புண் ஆறுகிற வழியையும் காணோம். எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு வேணு. நீ வேறு புது வண்டி எடுத்துத் தரேன் என்று போனில் சொல்லிவிட்டாய், அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

புது வண்டி வேண்டாம். இந்த வண்டியும் உன் பேரில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, எனக்கு இங்க ரொம்ப டைட்டா இருக்குப்பா, வண்டிய வித்து அனுப்புங்க என்று கேள். கால் என்ற பேச்சையே எடுக்காதே. காலுக்காக என்றால் கொடுக்க மாட்டார், உனக்காக என்றால் அன்றைக்கே சாவியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். வாங்கிக் கொடுத்த பிள்ளையே பிடுங்கிக்கொண்டான் என்று தெருவெல்லாம் சொல்வார், திட்டுவார், நீ தாங்கிக்கொள். தன் காலைத் திட்டிக்கொண்டு உட்காருவதைவிட உன்னைத் திட்டிக்கொண்டு உட்காரட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். நீயும் சர்க்கரை பார்த்துக்கொள், அலட்சியம் வேண்டாம். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு கூப்பிடு. முன்னாடியே கேட்டுவிட்டால், பிள்ளை கஷ்டப்படுகிறானே என்று சோற்றில் கைவைக்க மாட்டார்.

உன் அம்மா,
திலகவதி