எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு

என்னங்க,

மேசைமேல் ஒரு ரப்பர் கொட்டை கிடக்கிறது. கோப்பிப் பொட்டலத்து ஸ்ட்ராவுக்குள் நூலைக் கோத்து, நுனியில் அதைக் கட்டிச் சுழற்றியவள் நம் பேத்தி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவளுக்கு அந்தப் பெருமை உள்ளே நிற்குமா? சிலிபின் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "சனி எங்க, செவ்வாய் எங்கன்னு கணக்குப் போட்டே சொல்லிருவா" என்று அளந்துவிட்டேன்.

அடுத்த தெருக்காரி பழத்தட்டும் ஜாதகமுமாக, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். செவ்வாய் தோஷம் என்று பையன் வீட்டார் பின்வாங்குகிறார்களாம்.

பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆன்ட்டி, நான் படிக்கிறது சோசியம் இல்ல. பாட்டி சும்மா அடிச்சு விட்டிருக்காங்க."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பேத்தி கொட்டையைக் கட்டினாள். சுழற்றியபடியே நூலைக் கீழே இழுத்தாள். கொட்டை கிட்டே வந்து பறந்தது. நூலை விட்டாள், விலகிப் போய் நிதானமாகச் சுற்றியது.

"கிட்ட வந்தா வேகம், தூரம் போனா மெதுவு. ஆனா தூரத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பாரு, மாறாது. நடுவுல இருக்கிறது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்குது, அதனாலதான். சூரியனும் அப்படித்தான். அதுக்கு நல்ல திசை, கெட்ட திசை கெடையாது."

"அப்ப செவ்வாய் எனக்கு வரப்போற புருசன ஒண்ணும் செய்யாதாக்கா?"

"அதுக்கு உன் பேரே தெரியாதுலா."

பெண் சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை. "செவ்வாய்க்காரியக் கட்டி நல்லா வாழ்ந்தவன் ஒருத்தன காட்டு பாப்போம்" என்று தட்டோடு எழுந்து போனாள்.

நான் வாய் திறக்கவில்லை. நானும் ஒரு செவ்வாய்க்காரி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்து காஜா ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையாக நிற்கையில், உங்கள் அம்மா என் தோஷத்தைச் சத்தம் போட்டுச் சொன்னார்களே. நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இருந்துட்டுப் போவட்டும்மா, எனக்கு அவதான்" என்றீர்கள். அதை அடுத்த தெருக்காரியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போனதே என் செவ்வாயால்தான் என்று பேசிவிடுவார்களோ என்ற பயம்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். "எனக்கும் செவ்வாய்தான்" என்றேன்.

தாய்க்காரி என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். நான் பயந்தது அந்தப் பார்வைக்குத்தான். "அதான் அண்ணன்..."

"உங்க அண்ணன், எம் பேத்திய மோட்டார்சைக்கிள்ல ஏத்தி ஸ்கூலுக்குக் கொண்டு போயி, பல்லெல்லாம் விழுந்து, கெழவனாகித்தான் போனாரு."

ஜாதகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இத பையன் வீட்டுல வந்து சொல்வீங்களாக்கா? எல்லாரும் இருப்பாங்க."

"வாரேன்."

அத்தனை பேர் முன்னால் நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதை, ஒரே ஒருத்தியிடம் சொல்ல எனக்கு இத்தனை நாள் பிடித்தது. அந்த வெட்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் அங்கே போகப் போகிறேன்.