நடுவில் கிடக்கும் உன் துண்டு

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அவளுக்கு அந்த இருமல் இதற்குள் போயிருக்க வேண்டும். இங்கே குளிர் விட்டுவிட்டது, ஆப்பிள் மரங்களில் மொட்டு தடித்துக்கொண்டு வருகிறது, இன்னும் வாய் திறக்கவில்லை. போனிலேயே சொல்லித் தொலைக்காமல் இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பேச வராது என்று உனக்கே தெரியும். அம்மா இருந்தவரை எல்லாவற்றையும் அவள் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் என் கையில் கொடுப்பாள், நான் சரிம்மா வச்சிடட்டுமா என்று கேட்டு வைத்துவிடுவேன், எனக்குப் பழக்கம் அவ்வளவுதான். இப்போது ஆரம்பத்திலிருந்து நானே பேச வேண்டியிருக்கிறது. நீ அங்கே மழையா என்கிறாய், நான் இல்லை என்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் பேனாவை எடுத்தேன், உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

இந்த வருடம் மருந்து அடிப்பதை விட்டுவிட்டேன். ஞானம் வந்துவிட்டது என்று எண்ணாதே, வேறு வழியில்லை. பழத்தைக் குடைகிற புழுவுக்கு மருந்து பழகிப்போய்விட்டது, போன வருடம் அடித்ததற்கு அது குளித்துவிட்டுப் போன மாதிரி போனது. செத்ததெல்லாம் நமக்கு வேலை செய்துகொண்டிருந்த பூச்சிகள்தான். செஞ்சிலந்தியைத் தின்கிற குட்டி வண்டுகள் ஒழிந்தன, உடனே இலையெல்லாம் செஞ்சிலந்தி ஏறி உட்கார்ந்துகொண்டது, அதற்கு வேறு ஒரு மருந்து, அந்த மருந்துக்கு இன்னொன்று. மருந்தடித்த சட்டையைத் துவைக்கக்கூட இப்போது ஆள் கிடையாது. அம்மா அதைக் கம்பால் தூக்கித் தனி வாளியில் போடுவாள், என்னையும் அப்படியே தூக்கிப் போட முடிந்தால் நன்றாயிருக்கும் என்பாள்.

தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வருகிறது, உன் வயதுதான் இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசும். அதுதான் புதிதாக ஒரு முறையைச் சொன்னது. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கயிறு, உள்ளே குழாய், அதற்குள் பெண் அந்துப்பூச்சியின் வாசனை. மொட்டு விரிவதற்குள் மரத்துக்கு மரம் உச்சிக்கிளையில் கட்டிவிட வேண்டுமாம். ஆண் பூச்சி அந்த வாசனையை வைத்துத்தான் ஜோடி தேடிப் போகும், தோட்டம் முழுக்கப் பெண் வாசனையாக இருந்தால் அது எங்கே என்று போகும், கிளை கிளையாக அலைந்து ஓய்ந்துவிடும். ஜோடி சேரவில்லையென்றால் முட்டை இல்லை, முட்டை இல்லையென்றால் புழு இல்லை. யாரையும் கொல்ல வேண்டாம். கேட்கும்போது எனக்கு அந்த ஆண் பூச்சியின் மேல் கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பழம் முக்கியம். இதில் ஒரே ஒரு சிக்கல், ஒருவர் மட்டும் கட்டினால் பிரயோசனம் இல்லை, சரிவு முழுக்க எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாகக் கட்ட வேண்டும். நடுவில் ஓர் இடம் விட்டால் அங்கே ஜோடி சேர்ந்துவிட்டு, முட்டையோடு பறந்து வந்து நம் மரத்தில் இட்டுவிட்டுப் போகும்.

ஆக நான் வீடு வீடாகப் போக வேண்டியதாயிற்று. சிரிக்காதே. அம்மா போன பிறகு நான் எந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. முதலில் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் கேட்டின் தாழ்ப்பாளை ஆராய்ந்துகொண்டிருந்தேன், அவர் வெளியே வந்து தாழ்ப்பாள் சரி பண்ண வந்தீங்களா அண்ணா என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் போட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கே வந்தேன். அவர் மறு பேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். மேல் தோட்டத்து ரேடியோ இருக்கிறாரே, ஊர்க் கதை உலகக் கதை எல்லாம் பேசி என்னை மாலை வரை உட்கார வைத்துவிட்டார், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு எழுந்து வர மனம் வரவில்லை, இன்னொருவர் குரலை அவ்வளவு நேரம் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. கடைசியில் அவர் ஒரே போடாகப் போட்டார். "நான் கட்டுறேன், எல்லாரும் கட்டுவாங்க. ஆனா நட்டநடுவுல உங்க பொண்ணோட துண்டு நிலம் கிடக்குதே, அதுல இன்னும் மருந்துதானே அடிக்கிறாங்க? மொதல்ல உங்க வீட்டு ஓட்டையை அடைங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நீ பிறந்த வருடம் அம்மா பிடிவாதம் பிடித்து உன் பேரில் எழுதி வைத்த அந்தத் துண்டுதான் எல்லாத் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மெக்கானிக்கைப் பார்க்க அவர் பட்டறைக்கே போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது, அந்தக் காலிடம்தான் பேசினேன், எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, நான் குத்தகைக்காரன், நிலம் உங்கள் மகளுடையது, அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த வருடம் பழம் கெட்டால் என் தலையில் கட்டக்கூடாது என்றார். நியாயம்தானே.

இதற்குள் நம் தோட்டத்தில் கட்ட ஆரம்பித்துவிட்டேன். முதலில் என் நெஞ்சு உயரத்தில் வரிசையாகக் கட்டிவிட்டு அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டர் பெண் வந்து, சார் பூச்சி உங்களைத் தேடி வராது, உச்சியில்தான் பறக்கும் என்றது. எல்லாவற்றையும் அவிழ்த்து, கொக்கிக் கம்பு செய்து, மறுபடி மேலே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஏணியில் ஏறுவதில்லை, பயப்படாதே. மீதிக் கட்டுகளைக் குளிரில் வைக்கச் சொன்னதால் ஃபிரிட்ஜில் அடுக்கியிருக்கிறேன், இடத்துக்கென்ன பஞ்சம், ஒரு பால் பாக்கெட்டும் பாதி ரொட்டியும்தான் உள்ளே இருந்தன. புழு இறங்கி வந்து ஒளிந்துகொள்ள அடிமரத்தைச் சுற்றி அட்டை கட்டுவதும் உண்டு, பிறகு அவிழ்த்து எரித்துவிட வேண்டும். அதற்கு நீ அனுப்பிய பார்சல் பெட்டிகளைத்தான் போன வருடம் வெட்டினேன். ஓர் அட்டையில் நீ எழுதிய நம் வீட்டு முகவரி முழுதாக இருந்தது. மற்றதையெல்லாம் எரித்தேன், அதை மட்டும் பிரித்து, புழுக்களைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, மறுபடி அதே மரத்தில் கட்டியிருக்கிறேன். பம்ப் ரூமுக்குப் போகும்போதெல்லாம் உன் கையெழுத்தைப் பார்க்கலாம். மழை பட்டுக் கொஞ்சம் ஊறிவிட்டது.

ஆகையால் கண்ணு, இந்தக் கடிதம் கிடைத்ததும் மெக்கானிக்கிடம் கயிறு கட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ சொல்லவில்லையென்றால் ரேடியோ பின்வாங்குவார், அவர் பின்வாங்கினால் மற்றவர்களும் மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வருவார்கள், நான் கட்டியதெல்லாம் வீண். எல்லாம் உன் வாயில்தான் இருக்கிறது. சொல்லிவிட்டு எனக்கும் ஒரு போன் போடு, என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும்.

இதுவரை நேற்று எழுதியது. கொரியர் ஆபீஸ் திறக்கட்டும் என்று உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். காலையில் மெக்கானிக் வந்தார், அவரோடு மனைவியும் வந்திருந்தார், கொக்கிக் கம்பு எப்படிச் செய்தேன் என்று பார்க்க வந்தார்களாம். உன் துண்டில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது என்றார். எனக்குப் புரியவில்லை. மருந்துச் சட்டையை இனிமேல் துவைக்க மாட்டேன் என்று அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட, நான் உனக்குச் சொல்லி நீ அவருக்குச் சொல்லி எதற்கு என்று அவரே உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ தாராளமாகக் கட்டுங்கள், பழம் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாயாம். ரொம்ப நல்ல காரியம் செய்தாய். போகிற வழியில் ரேடியோவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம், அவரும் கட்ட ஆரம்பித்துவிட்டார். சரிவு முழுக்கக் கட்டியாகிவிடும், மொட்டு விரிவதற்குள் முடிந்துவிடும். எனக்குத் துள்ளிக் குதிக்கத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். நீ அரை மணி நேரம் பேசினாயாம். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மரத்தில் ஏறுகிறாரா, வீட்டுக்கு யாராவது வந்து போகிறார்களா, எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாயாம். "நல்லா இருக்காருங்க, ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டேன் ஐயா" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர்கள் போன பிறகு வந்து இந்த உறையைப் பிரித்தேன். இதில் உன்னிடம் கேட்க வைத்திருந்த காரியம் முடிந்துவிட்டது, கிழித்துப் போட்டிருக்கலாம். இத்தனை நாளில் உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான் இதை எழுதினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதுவும் கையை விட்டுப் போய்விட்டது. அதனால் சாக்கு இல்லாமலே சொல்கிறேன். மெக்கானிக் சொன்னது சரியில்லை கண்ணு, அவருக்கு எப்படித் தெரியும், நான் நல்லா இல்லை. உடம்பு திடமாகத்தான் இருக்கிறது. வீடு தாங்கவில்லை. அங்கே வந்து இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா என்றும் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் பேசிய அரை மணியில் பாதி என்னிடம் பேசு, போதும். நான் சரியாகப் பதில் சொல்ல மாட்டேன், அதைப் பார்க்காதே. நீ பேசிக்கொண்டே இரு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள்தான் இருப்பேன், போன் மேசை மேலேயே இருக்கும்.

உன் அப்பா