ஒன்பதாம் பக்கம் இருந்த இடத்தில்

என் பிரியமுள்ள வெங்குவுக்கு,

இந்த வருஷமும் தோப்பில் முகாம் நடந்தது. நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள், பதினான்கு பெண்பிள்ளைகள். ஒருத்திக்கும் காய்ச்சல் வரவில்லை. ஒருத்தி மட்டும் மாமரத்திலிருந்து விழுந்தாள். விழுந்தவள் அன்று சாயங்காலமே அதைப் பற்றி ஒன்றரைச் சிலேட்டு எழுதிக் கொண்டுவந்தாள்.

கடிதம் உனக்குத்தான், ஆனால் படிக்கப்போவது ஊர். முகாமில் எழுதியதைத் தொகுக்கிற நம்முடைய கையெழுத்துப் பத்திரிகையில் இந்தத் தடவை ஒன்பதாம் பக்கம் இல்லை. இருந்தது, நான்தான் எடுத்தேன். எடுத்த இடத்தில் இதைத் தைத்து வைக்கப் போகிறேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பத்திரிகை வீடு வீடாகப் போகும்போது, அந்தப் பக்கம் எங்கே என்று கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்கள் கைக்கும் இது போகும். அவர்களுக்காக இரண்டு வரி. நீயும் நானும் ஒன்றாக டீச்சர் ட்ரெயினிங் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கோடை லீவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத வைக்கலாம் என்பது உன் யோசனை. ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகிற பாதையில் உன் அப்பாவுக்கு மாந்தோப்பு இருந்தது. "பள்ளிக்கூடத்துல நாம சொல்லுததத்தான் எழுதுதாளுக. லீவுலயாவது நாம சொல்லாதத எழுதட்டும்" என்றாய். அதைக் கேட்டு ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தவள்தான், மறைப்பானேன்.

மார்கழியில் உனக்கு வந்த காய்ச்சல் இருபது நாள் இறங்கவில்லை. கடைசியாக நான் வந்து பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி எஸ்தரு, கோடைக்கு நீ முகாம் நடத்துவ, எனக்குத் தெரியும். பிள்ளைக எழுதுனதுல மட்டும் கைய வைக்காத." நான் தலையை ஆட்டினேன். தலையாட்டல் செல்லாது, வாயால் சொல் என்றாய். சொன்னேன்.

அப்படி ஒரு வாக்கை ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும்.

யுத்தம் வந்து தாள் கிடைக்காமல் போனதிலிருந்து பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவார்கள். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று பேர். அதனால் சிலேட்டில் இருப்பதைத் தாளுக்கு ஏற்றுவது என் வேலை. தாள் என்றால், மில்லில் நூல்கட்டுச் சுற்றுகிற தாளில் மிஞ்சுவது. நான் ஏற்றியதும் பிள்ளைகள் சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள். ஏற்றும்போது சும்மா ஏற்றினேனா? 'வெயிலு மண்டையப் பொளந்துச்சு' என்று ஒருத்தி எழுதியிருந்தால், 'கதிரவன் தன் செங்கதிர்களால் சுட்டெரித்தான்' என்று மாற்றினேன். 'ஆத்துல தண்ணி கொஞ்சூண்டு ஓடிச்சு' என்பதை 'சிற்றோடை சலசலவெனப் பாய்ந்தது' என்று ஆக்கினேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று மனப்பூர்வமாக நம்பித்தான் செய்தேன்.

பத்திரிகையின் கடைசியில் படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத நான்கு பக்கம் விட்டிருப்போமே, போன வருஷம் அதில் மில் கிளார்க் ஒருவர் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? 'கட்டுரைகள் யாவும் நன்று. பதினாறு பேர் பெயர் போட்டிருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பிள்ளை எழுதியதாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு வயது முப்பது இருக்கலாம்.'

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு வந்ததே கோபம். அப்போது எனக்கு இருபத்தொன்பதுதான். பத்திரிகையைப் பறித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். படித்து முடித்தபோது கோபம் போய்விட்டது. இரண்டு கோடையாகப் பிள்ளைகள் எழுதியதில் ஒரு வரிகூட அதில் இல்லை. சிலேட்டோடு துடைத்தாயிற்று. என் எழுத்து மட்டும் அழகாக உட்கார்ந்திருக்கிறது. வெங்கு, இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் இந்த வருஷம் ஒரு புதிய ஏற்பாடு. சிலேட்டில் எழுதியதை அவரவரே தாளிலும் எழுத வேண்டும். டீச்சர் பேனாவைத் தொடக்கூடாது. பத்திரிகை எப்படி இருக்கிறது என்று கேட்காதே. மைக்கறை, ஏறி இறங்குகிற வரி, ஒரு பக்கத்தில் மாங்காய்ப் பால் பட்டுப் பழுப்பு. நான் பார்த்ததிலேயே அழகான பத்திரிகை அதுதான்.

தோப்பைக் கேட்க உன் அப்பாவிடம் போகத்தான் கால் வரவில்லை. மகள் போய் நாலைந்து மாதத்தில் எந்த முகத்தோடு கேட்பது? அவரே ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். காய் இறங்குவதற்குள் வரப்போகிறீர்களா, இறக்கிய பிறகா என்று மட்டும் கேட்டார். இறங்குவதற்குள் என்றேன். சரி என்று போய்விட்டார். பிள்ளைகள் எப்போதும்போல் உன் வீட்டில்தான் தங்கினார்கள். காலையில் வண்டி கட்டித் தோப்புக்கு வந்தார்கள்.

நீ வைத்திருந்த வகுப்பு எதையும் நான் விடவில்லை. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஏதாவது கொடுத்து எழுதச் சொல்வது நடந்தது. பொய் மணியும் நடந்தது. எட்டாம் நாள் வரை தினம் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பொய், அதை நம்ப வைக்கச் சுற்றிலும் மூன்று மெய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போகிற என்னைப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லித்தர வைத்துவிட்டாயே என்று உன்னோடு சண்டை போட்டது நினைவிருக்கிறதா? இந்த வருஷம் நானே ஒரு பொய் சொன்னேன். வத்திராயிருப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டாம் நாள், நீ கடைசியில் வைக்கிற பாடம். இங்கே இல்லாத ஒருத்தருக்கு எழுதுங்கள். முகாமில் எழுதியதில் ஒன்றை ஒவ்வொருத்தியும் கடைசி நாள் பெற்றோர் முன்னால் படிக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் வினை வந்தது. செல்லத்தாய் என்று ஒரு பிள்ளை, வயது பதினொன்று, சோழபுரம். போர்டிங்கில் தங்கிப் படிக்கிறாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்தவள், அதனால் உனக்குத் தெரியாது. அவள் அய்யா பட்டாளத்தில் இருக்கிறார். போய் மூன்று வருஷம். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. அவள் எழுதியதை எழுத்து மாற்றாமல் தருகிறேன். எனக்கு இப்போது மனப்பாடம்.

'அய்யா, நான் நல்லாருக்கேன். அம்மா நல்லாருக்கு. செவலை கன்னு போட்டிருக்கு. உங்க மொகம் எனக்கு மறந்துபோச்சு. அம்மாட்ட சொல்லல. மீசை நெனப்பிருக்கு. தூக்கும்போது பொயிலை வாசம் வருமே அது நெனப்பிருக்கு. மொகத்துக்கு இப்பம் நம்ம ஊரு தபால்காரர் மொகத்த வச்சிருக்கேன். நீங்க வந்ததும் மாத்திக்கிடுதேன்.'

பிள்ளைகளுக்குள் ரகசியம் ஏது? மறுநாளே சோழபுரத்துக்குச் சேதி போய், அவள் பெரியப்பா தோப்புக்கு வந்துவிட்டார். வீட்டில் இப்போது ஆண் துணை அவர்தான். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "சண்டையில இருக்கவன் மொகம் மறந்துபோச்சுன்னு நாலு பேர் முன்னால பிள்ள படிக்கலாமா டீச்சர்? அந்த வரிய எடுத்துருங்க. எடுக்கலைன்னா லீவு முடிஞ்சு அவ பள்ளிக்கூடம் வரமாட்டா." அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது கோபம் இல்லை, பயம். தம்பிக்காக ஒரு மனிதர் பயப்படும்போது அவரோடு எப்படி வாதாடுவது?

உண்மையைச் சொல்கிறேன், என் கை அரித்தது. 'அன்புள்ள தந்தையே, தங்கள் திருமுகம் என் நெஞ்சில் என்றும் நிலைத்துள்ளது' என்று ஒரு வரி தானாக வந்து நின்றது. அழகான வரி, யாருக்கும் வருத்தம் இல்லை. பிள்ளை படிப்பும் நிற்காது. ஒரு பக்கம் உனக்குக் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் அவள் படிப்பு. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? உங்கள் வீட்டுத் தெலுங்கில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு என்னைக் கேட்காமலே முடிவெடுத்திருப்பாய். எனக்கு அது வராது. நான் செல்லத்தாயைக் கூப்பிட்டு, பெரியப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் வாய்க்காலைப் பார்த்தபடியே சொன்னாள். "மாத்துனா பொய்யாயிரும்லா டீச்சர். பொய் மணி நேத்தே முடிஞ்சிருச்சு."

சரி, படி என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. வந்தது வரட்டும், பெரியப்பா நிறுத்தினால் நானே சோழபுரம் போய் அவர் வாசலில் உட்காருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

பத்தாம் நாள் பிற்பகல் பெற்றோர்கள் வந்தார்கள். பாதிப்பேர் நடந்து, பாதிப்பேர் வண்டியில். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வந்த, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ் வழியில் நின்று, இறங்கித் தள்ளிவிட்டு, முகமெல்லாம் புகையோடு வந்து சேர்ந்தார்கள். செல்லத்தாயின் அம்மா பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்தாள். பெரியப்பா முன்னால். உன் அப்பா உட்காரவே இல்லை, மரத்தில் சாய்ந்தபடி நின்றார்.

ஒன்பதாவதாகச் செல்லத்தாய் எழுந்தாள். முகம் மறந்துபோச்சு என்ற இடத்தில் நிறுத்தவும் இல்லை, வேகமாக ஓட்டவும் இல்லை. கன்றுக்குட்டியைப் பற்றிப் படித்த அதே குரலில் படித்தாள். தபால்காரர் முகம் என்றதும் இரண்டு பேர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். முடிந்தது. பெரியப்பா எழுந்து, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்பதுபோல் அவள் அம்மா பக்கம் திரும்பினார்.

அந்த அம்மாள் எழவில்லை. "உக்காருங்க அத்தான். அவ சொல்லிட்டா. நான் சொல்லல, அம்புட்டுத்தான்."

அவர் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பத்தாவது பிள்ளை எழுந்து, மாமரத்திலிருந்து தான் விழுந்த கதையைப் படித்தாள். எல்லாரும் வேண்டிய அளவுக்கு மேலேயே சிரித்தார்கள். நானும்தான்.

கூட்டம் கலையும்போது அந்த அம்மாள் என்னிடம் வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத அவியளுக்கு அனுப்பிருங்க டீச்சர். இந்தத் தாளையே அனுப்புங்க, வேற தாள்ல எழுதாதீய. அவ பேசுத மாதிரியே இருக்கு" என்றாள். நகல் எடுத்துக்கொண்டு அனுப்பலாமே என்று ஒரு கணம் தோன்றியது. நகல் எடுத்தால் பத்திரிகையில் அவள் பக்கம் மறுபடி என் கையெழுத்தில் இருக்குமே. தையலைப் பிரித்து அந்த ஒன்பதாம் பக்கத்தை எடுத்தேன். பட்டாளத்து விலாசத்தைப் பெரியப்பாதான் சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை.

பதில் இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு செல்லத்தாயைக் கொண்டுவந்து விட்டார். போகும்போது, அடுத்த தடவை மாட்டைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், தம்பிக்கு மாடு என்றால் உயிர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கு, நீ வைத்த அந்தக் கடைசிப் பாடத்தை நான் ஒரு வருஷமும் எழுதியதில்லை. எப்போதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் எனக்குக் கை ஓய்ந்தது. அதனால் என் பாடத்தையும் எழுதிவிடுகிறேன். டீச்சரே எழுதாமல் விட்டால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.

அடுத்த கோடைக்கும், அதற்கு அடுத்த கோடைக்கும் தோப்பில் முகாம் நடக்கும். எனக்குக் கால் நடக்கிற வரைக்கும் நடக்கும். பிள்ளைகள் எழுத்தில் கை வைக்கமாட்டேன். இதை எழுதி, பத்திரிகையில் தைத்து, ஊர் முழுக்கச் சுற்றவிடுகிறேன். தலையாட்டல் செல்லாது என்றாயே, இது செல்லும் அல்லவா?

இதுவரை எழுதியதெல்லாம் என் வழக்கமான தமிழ். மில் கிளார்க் படித்தால், 'வயது முப்பது' என்று சரியாகச் சொல்லிவிடுவார். இனி வருவது சிலேட்டில் எழுதியது. துடைக்காமல் அப்படியே ஏற்றுகிறேன்.

ஏட்டி வெங்கு, ஒம் மொகம் எனக்கு மறக்கல. நீ சிரிக்கிற சத்தந்தான் மறந்துபோச்சு. யார்ட்டயும் சொல்லல. அந்த எடத்துல இப்பம் செல்லத்தாயி சிரிப்ப வச்சிருக்கேன். நீ வந்து மாத்தப்போறதில்ல. அதனால அது அங்கயே இருக்கட்டும்.

ஆறு மாதம் மூத்தவள் என்பதை நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளாத,
உன் அக்கா
எஸ்தர்