வாசல்வரை வந்த எரிமலை

ரீயூனியன் தீவுத் துறைமுகம்
3.12.2024

ஷெரின் அப்பாவுக்கு ஜெனிற்றா எழுதுவது,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். போனில் பேசினால் பாதி நேரம் லைன் அறுகிறது, மீதி நேரம் நமக்குள் சண்டை. அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தெமோதரை ஸ்டேஷன் பக்கம் சிக்னல் கிடைக்கும்போது ஆறுதலாகப் படியுங்கள்.

இன்று கப்பலில் துணி துவைக்கும் எங்களையும் ஊர் பார்க்கக் கூட்டிப்போனார்கள். இங்கே ஒரு எரிமலை இருக்கிறது. அது கக்கிய குழம்பு கடல்வரை ஓடி இறுகி, அடுப்புக்கரியைக் கொட்டி வைத்ததுபோல் கிடக்கிறது. கொஞ்ச தூரத்தில் வரிசையாக அருவிகள். துன்ஹிந்தவை விடச் சின்னவைதான், ஆனாலும் ஆசை தீர நின்று பார்த்தேன். பிறகு ஒரு மாதா கோயில். கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக்கு முன்னால் குழம்பு ஊருக்குள் இறங்கி, வீடுகளை விழுங்கி, கோயில் வாசலோடு நின்றுவிட்டதாம். அங்கே நமக்காக மன்றாடினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நம் லயத்து வீட்டோடு சேர்த்துக் கட்டிய புது அறையின் படம் அனுப்பினீர்களே, சிமெந்துத் தரை நடுவில் பாய் எதற்கு? "அப்பா வெடிப்பு மேல பாய் போட்டு மூடிட்டாரு" என்று ஷெரின் சொல்லிவிட்டாள். பின்னால் இருக்கும் மலையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மழை விடும்வரை பிள்ளையோடு கோயில் மண்டபத்தில் போய் இருங்கள்.

உங்கள் ஜெனிற்றா


தெமோதரை
6.12.2024

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

நாங்கள் நலம். துன்ஹிந்தவுக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்பாய். இப்போது மகாராணி கடல் தாண்டி அருவி பார்க்கிறாய். சந்தோஷம்தான்.

வெடிப்பு விரல் அகலம்கூட இல்லை. புதுச் சிமெந்து என்றால் வெடிக்கத்தான் செய்யும். நீ ஊரெல்லாம் துணி மடித்து, நான் கல் சுமந்து கட்டிய அறை அது. அதை விட்டுவிட்டு மண்டபத்தில் பாய் விரிக்கச் சொல்கிறாயே, மனசு வருமா? அந்த ஊர்க் கோயிலைக் காத்த மாதா நம்மைக் காக்க மாட்டாளா? சம்பாதிக்கிறாய் என்பதற்காகக் கப்பலில் இருந்து உத்தரவு போடாதே.

இங்கே வேறு தலைவலி. மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, மலை ஊற்று வந்து விழும் நம் லயத்துப் பீலியில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் அடுத்த வீட்டுக் கருப்பம்மா அக்காவின் வேலை. மேலே ஊற்றில் குழாய் போட்டுத் தன் லீக்ஸ் காய்கறிப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். நேற்றுப் போய் நன்றாகச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். இல்லவே இல்லை என்று சாதிக்கிறார்.

அன்புடன் றுஷாந்தன்


கப்பலில்
8.12.2024

ஷெரின் அப்பாவுக்கு,

கொட்டுகிற மழையில் பாத்திக்கு யாராவது தண்ணீர் பாய்ச்சுவார்களா? அந்த அக்கா மேல் பழி போடாதீர்கள். மண்சரிவு பற்றிச் சொல்ல வந்த ஐயா பேசியதை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்டோம்? மழைக்காலத்தில் ஊற்று திடீரென்று நின்றால் மலைக்குள் மண் நகர்கிறது என்றாரே.

கோயில் கதையை நான் பாதிதான் எழுதினேன். குழம்பு வருமுன்னே ஊர்ச்சனம் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள் என்று கூட்டிப்போன பெண் சொன்னாள். ஒரு உயிரும் போகவில்லை. மாதா கோயிலைக் காத்தாள். சனங்கள் தங்கள் காலால் நடந்துதான் தப்பினார்கள்.

உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறை போனால் இன்னும் பத்து வருடம் துணி மடிப்பேன். நீங்கள் இரண்டு பேரும் போனால் நான் யாருக்காக மடிப்பது? வெளியேறிவிட்டோம் என்று பதில் வராவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்கு வந்துவிடுவேன். வேலை போனாலும் போகட்டும். மேலதிகாரியிடம் சொல்லியும்விட்டேன்.

ஜெனிற்றா


கோயில் மண்டபம், தெமோதரை
14.12.2024

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

நீ இறங்க வேண்டாம். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

உன் கடிதம் கிடைத்ததும் கோபத்தோடுதான் மலை ஏறினேன். குழாயைக் கண்டுபிடித்து உன் முகத்தில் கரி பூசலாம் என்று நினைத்தேன். அங்கே குழாயே இல்லை. ஊற்று இருந்த இடத்தில் வெறும் சேறு. அதற்கு மேலே தேயிலைக்கு நடுவில் நிலம் பிளந்து கிடந்தது. என் கால் முழுதாக உள்ளே போனது. வந்த கையோடு கருப்பம்மா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத அப்பறம் பாத்துக்கலாம் தம்பி, முதல்ல புள்ளைய தூக்கு" என்று சொல்லி அவரும் எங்களோடு புறப்பட்டார்.

வந்து நான்கு நாளாகிறது, இன்றுதான் சிக்னல் கிடைத்தது. மலை விழவில்லை. மழையும் குறைந்துவிட்டது. சிலர் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள், போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ராத்திரியில் மண்டபம் ஒழுகும்போது எனக்கும் போய்விடலாமா என்றுதான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

என் புத்தி எனக்குத் தெரியும். அதனால்தான் புறப்பட்ட அன்றே நீ ஆசையாகக் கேட்டு வாங்கிய புது அறையின் பலாமரக் கதவைக் கழற்றிச் சுமந்து வந்தேன். கதவில்லாத அறையில் பிள்ளையைப் படுக்க வைக்க எனக்கு மனசு வராது. இப்போது ஷெரின் அதன் மேல்தான் பாய் விரித்துத் தூங்குகிறாள்.

நீ வேலையை முடித்து நேரத்துக்கு வா. இரண்டு பேருமாகப் போய் நல்ல நிலம் பார்ப்போம். கதவு இருக்கிறது.

உன் றுஷாந்தன்