நாலணா வலி

திருநெல்வேலி
18.7.96

அன்புள்ள அம்மாவுக்கு வேணி எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? தருமபுரியில் மழை உண்டா?

இங்கே ஆபரேஷன் முடிந்தவர்களிடம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவதுதான் என் ஆராய்ச்சி வேலை. பாரத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை இருக்கிறது. சனங்களோ ரூபாய்க்கு, அதாவது பதினாறணாவுக்கு, இத்தனை அணா என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு வேடிக்கை கேள். திங்களன்று முழு ரூபாய் வலி என்று அழுத களக்காட்டுக் கோமு அக்கா, செவ்வாய் காலையில், "நாலணாதான் பாக்கி. மத்தது அங்கன போயிட்டு" என்று பக்கத்துக் காலிக் கட்டிலைக் காட்டினாள். மத்தியானம் அதில் வந்து படுத்தவளுக்கு இன்னும் ஆபரேஷனே ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டணா நோவுது" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் கோமு அக்கா, "ஒங்க அம்மைக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னேன். பைய கண்ணை மூடித் திறந்து, "இப்ப ஒண்ணுமில்ல தாயி" என்றாள். பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. தனியாகப் படுத்தால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. செவ்வாய் சாயங்காலம் உனக்கு எங்காவது வலித்ததா அம்மா? அதை மட்டும் உடனே எழுது.

வேணி