பூச்சிக்கடிக்கு மருந்து

அக்டோபர் 17, 1944. செவ்வாய்.
காலையில் தூறல். கரிசல் மண் செருப்போடு சேர்ந்து வீட்டுக்குள் வருகிறது. பட்டணத்தில் வளர்ந்தவனைத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போட்டால் இப்படித்தான்.

இன்றும் எட்டுக்கால் பூச்சிக்கடி. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் மயிர். மழைக்கு வளையை விட்டு வருகிறது. கடிபட்டவர்கள் எல்லாரும் ஊசி கேட்கிறார்கள். இருப்பது பாம்பு விஷமுறிவு மருந்து, இரண்டே புட்டி. ஒன்று கெடு தாண்டியது. சண்டை முடியாமல் புதிது வராதாம். சிலந்தி விஷத்துக்கு அது கேட்குமா? யாருக்கும் தெரியவில்லை. பழையதைக் கோழிக்குஞ்சுக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

18, புதன்.
வெயில். இரண்டு குஞ்சு, இரண்டு சிலந்தி. கம்பவுண்டருக்குப் பயம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை. கடிக்கவிட்டு ஒன்றுக்கு மட்டும் மருந்து. இரண்டும் நொண்டின, சுருண்டு படுத்தன. சாயங்காலம் இரண்டுமே கம்பு கொத்துகின்றன. மருந்து போட்டதும் போடாததும் ஒன்றுதான். இரண்டு குஞ்சை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் நிம்மதி. நல்ல புட்டி பாம்புக்கு மட்டும்.

20, வெள்ளி.
மழை. விளக்கு வைத்த நேரம் பரளச்சிப் பக்கமிருந்து மாட்டுவண்டி. பேச்சியம்மாள், பருத்திக்குக் களை எடுத்தவள். “பூச்சி கடிச்சிருச்சுய்யா” என்றான் புருஷன். கணுக்காலில் லேசான தடிப்பு. கண் சொருகல். பயத்தில் என்று நினைத்தேன். “ஒன்றும் ஆகாது, கூட்டிக்கொண்டு போ.” அப்படித்தான் சொன்னேன். வண்டியில் ஏற்றும்போது, சிலந்தி அதே ஜாதிதானா என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்:

“காலெல்லாம் மயிராக இருந்ததா?”

“காலா? அதுக்கு ஏதுய்யா காலு?”

வண்டியை மறித்தேன். “பாம்பா?”

“வெளக்கு வச்சபெறகு அதும் பேரைச் சொல்லக் கூடாதுல்லய்யா.”

நல்ல புட்டி முழுவதும் ஏற்றினேன். உள்ளூர்க்காரரான கம்பவுண்டர் மெதுவாக, “பொழுது சாஞ்சா இங்க எல்லாரும் பூச்சின்னுதான் சொல்லுவாக” என்றார். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் மனுஷன்.

21, சனி.
இமை தூக்குகிறாள். கஞ்சி இறங்கியது. அப்பாடா.

புருஷனுக்கு நல்ல திட்டு. “ஏய்யா, டாக்டரய்யாட்ட வாயத் தொறந்து பாம்புன்னு சொன்னா என்ன? போறது எம் உசிருதான?” பட்டப்பகல், பேரைத் தாராளமாகச் சொல்கிறாள். அவன் அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். திட்டத் திட்டச் சிரிக்கிறான். எனக்குக் கண்ணில் நீர். திட்டட்டும், இன்னும் கொஞ்சம் திட்டட்டும்.